யானைக்கு எல்லை இல்லை, ஊராட்சிக்கு உண்டு!

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது வித்துரா ஊராட்சி. அதன் கிழக்கே பேப்பாறை வன உயிரின சரணாலயம். மலைமுகட்டைத் தாண்டினால் தமிழகத்தின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். யானை, மிளா, சிங்கவால் குரங்கு ஆகியவற்றுக்கு இவை அனைத்தும் ஒரே காடு. அரசின் கோப்புகளிலோ இது இரண்டு மாநிலங்கள், பல துறைகள், இன்னும் பல ஊராட்சிகள்.

இப்படித் துண்டுபட்ட காட்டை ஒரே நிலப்பரப்பாகக் கருதிக் காக்க வேண்டும் என்பதைத் தில்லி ஏற்றுக்கொண்டு நெடுநாளாகிறது. 3,500 சதுர கி.மீ. பரப்புள்ள அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2001-ல் மத்திய அரசு அறிவித்தது. 2016-ல் யுனெஸ்கோவும் அதனை அங்கீகரித்தது. 2017 முதல் 2031 வரையிலான தேசிய வன உயிரினச் செயல் திட்டமும் இதே கொள்கையை வலியுறுத்துகிறது. ஆனால், அத்திட்டத்தில் ஊராட்சிக்கு என்ன இடம் என்ற கேள்விதான் விடையின்றி நிற்கிறது.

எதிர்ப்பு ஏன்?

நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களைச் சுற்றி சுமார் 70.9 சதுர கி.மீ. பரப்பைச் சுற்றுச்சூழல் உணர்திறன் மண்டலமாக்கும் வரைவு அறிவிக்கையை 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் அவகாசம். அரசிதழ் வெளியாவது இந்தியிலும் ஆங்கிலத்திலும். படிக்க வேண்டியவர்களோ மலையாளம் பேசும் விவசாயிகளும் காணி பழங்குடியினரும். மலையோர ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியதில் வியப்பில்லை.

அதே ஆண்டு ஜூன் 3-ம் தேதி, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்களைச் சுற்றி குறைந்தது ஒரு கி.மீ. தூரத்துக்கு இத்தகைய மண்டலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட, கேரளம் முழுவதும் போராட்டம் பரவியது. 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்த உத்தரவைத் தளர்த்தியது.

சுடும் அதிகாரம்

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. விவசாயியின் துயரைப் பார்க்கும்போது அதன் தேவை புரிகிறது. ஆயினும், விலங்கைக் கொல்ல ஊராட்சியை நம்பும் அரசு, அதன் வழித்தடத்தைக் காக்கும் திட்டத்தை வகுக்க ஊராட்சியை நம்பத் தயங்குவது ஏன்?

வன உயிரினப் பாதுகாப்பு 1976 முதல் பொதுப் பட்டியலில் உள்ளது. ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையின் 29 இனங்களில் சமூகக் காடுகளும் சிறு வனப் பொருள்களும் உண்டு. வன உயிரினம் இல்லை. எனினும் சட்டம் கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பதிவேடு தயாரிக்க வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, வன உயிரினங்களைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளிக்கிறது.

எல்லை தாண்டிய பாடம்

நிதிக்கும் கேரளத்தில் முன்னுதாரணம் உண்டு. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. உணர்திறன் மண்டலம் இறுதியாக அறிவிக்கப்பட்டால், அதற்கான பெருந்திட்டத்தை உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்து மாநில அரசு வகுக்க வேண்டும். அந்த ஆலோசனை கிராம சபையிலிருந்தும் பல்லுயிர்ப் பதிவேட்டிலிருந்தும் தொடங்கினால் பாதி அச்சம் நீங்கும்.

இது கேரளத்தின் பிரச்னை என்று தமிழகம் ஒதுங்கிவிட முடியாது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை, 2023-ல் கம்பத்துக்குள் புகுந்து, பின்னர் மீண்டும் பிடிக்கப்பட்டு களக்காடு முண்டந்துறையில் விடப்பட்டது. தாமிரபரணி பிறப்பதும் இதே மலைத் தொடரில்தான். திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் தருவதும் இங்குள்ள பேப்பாறை அணையே.

வித்துராவும் அதை அடுத்த ஊராட்சிகளும், மறுபக்கம் நெல்லை, குமரி மாவட்ட ஊராட்சிகளும் ஒரே வரைபடத்தின் முன் அமர்ந்து பேச இதுவரை நிலையான அமைப்பு எதுவும் இல்லை. தில்லியில் கோடு வரைவதற்கு முன் அதற்கு வழி செய்வது மத்திய அரசின் பொறுப்பு. இரு மாநில உறுப்பினர்களும் நாடாளுமன்றத்தில் இணைந்து எழுப்ப வேண்டிய கோரிக்கையும் இதுவே.