ஏரிக்கரையில் ஒரு கடல், எட்டு மணி நேரப் பகல்

செம்பரம்பாக்கம் ஏரி முழுக் கொள்ளளவை எட்டும்போது நீர்மட்டம் 24 அடி. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் பெரும்பகுதி ஏறக்குறைய அதில் பாதி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. காரணம் வெளிச்சம். பவளம் ஒரு பிராணி. ஆனால் அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலைக் கொண்டு தயாரித்துக் கொடுக்கும் சர்க்கரையில்தான் அதன் பிழைப்பு ஓடுகிறது. வெயில் எட்டாத இடத்தில் அந்தப் பாசிக்கு வேலை கிடையாது.

ஏரிக்கும் மெரினாவுக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர். பூந்தமல்லி, திருமழிசை, செம்பரம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் ஹாலில் பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்க் வைக்க ஒருவர் ஆசைப்பட்டால், கடலைத் தேடிப் போக வேண்டியதில்லை, கொளத்தூருக்குப் போனால் போதும். வண்ண மீன் கடைகள் வரிசைகட்டி நிற்கும் அந்தத் தெருக்களில் மூட்டை உப்பு, ஸ்கிம்மர், அலை மோட்டார், ஆர்.ஓ. யூனிட் எல்லாம் கிடைக்கும். இவற்றில் தப்பான பொருளை வாங்கினாலும் பெரிய சேதம் வராது. லைட்டில் மட்டும் பணமும் போகும், பவளமும் போகும்.

கடையில் நடப்பது இதுதான். உள்ளறையில் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு ஊதா கலந்த நீல லைட்டை மட்டும் போடுவார்கள். தொட்டிக்குள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒவ்வொன்றும் தானே எரிவதுபோல் மின்னும். “சார், இந்த லைட் எஸ்.பி.எஸ்ஸே வளர்க்கும்” என்பார் கடைக்காரர். சிறு பாலிப்புகளோடு கிளை கிளையாக வளரும் கல் பவளங்களுக்குத்தான் அந்தப் பெயர்; வெளிச்சத்துக்குப் பெரும்பசி கொண்டவை. மின்னுவது கண்கட்டு வித்தை அல்ல. பவளத்தில் உள்ள ஒளிரும் புரதங்கள் நீலத்தை வாங்கிக்கொண்டு பச்சையையோ சிவப்பையோ வெளியிடுகின்றன. இன்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படும் சிவப்பு ஒளிர்புரதம் ஒன்று 1999இல் மாஸ்கோ விஞ்ஞானிகள் டிஸ்கோசோமா என்ற மஷ்ரூம் கோரலில் கண்டெடுத்ததுதான். அதே மஷ்ரூமை வீட்டு டியூப் லைட்டில் பாருங்கள், சேற்றுப் பழுப்பு. மினுக்கத்தைப் பார்த்து லைட்டின் தரத்தை முடிவுகட்டக் கூடாது. எந்த மலிவு நீல பல்பும் அதைக் காட்டிவிடும்.

எஸ்.பி.எஸ். வளர்க்கும் லைட் என்ற பேச்சுக்கு நம் நாட்டில் அர்த்தமும் இல்லை. 2001இல் இருந்து கல் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கருப்புப் பவளம், ஆர்கன் பைப் கோரல், ஃபயர் கோரல், கடல்விசிறி வகைகளும் கூடவே. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. மீறினால் குறைந்தது மூன்று வருடம் உள்ளே. “இது நம்ம கடல் சரக்கு இல்ல சார், இந்தோனேசியா” என்ற சமாதானத்தை நம்பிப் பணம் எண்ணாதீர்கள். அட்டவணை எந்தக் கடல் என்று கேட்கவில்லை, அந்த வரிசையைச் சேர்ந்த எல்லா இனங்களும் என்கிறது. லைவ் ராக் என்று கிலோக் கணக்கில் விற்கப்படுவதிலும் செத்த பவளத்தின் எலும்புக்கூடு இருக்கலாம். செயற்கைக் கல்லே உத்தமம். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அரண் இழந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் அலைக்குள் போய்விட்டன.

ஆக, வீட்டுத் தொட்டியில் மிஞ்சுவது மஷ்ரூம், ஸோவாந்திட், லெதர் கோரல், ஸீனியா போன்ற மென் பவளங்களும் அவற்றின் ஒன்றுவிட்ட உறவுகளும். மன்னார் வளைகுடாவின் தேசியப் பூங்காக் கடலில் இருந்து இவற்றையும் தொடக் கூடாது. தொட்டியில் வளர்த்து வெட்டிப் பிரித்த ஃப்ராக்காக வாங்க வேண்டும். ஏமாற்றமாகத் தோன்றலாம். லைட் வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. எதை வளர்க்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடுகிறது.

அந்த அளவை வாட்ஸில் கேட்டால் பயன் இல்லை. பாசிக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதுதான் கணக்கு. பி.ஏ.ஆர். என்பார்கள், அலகு மைக்ரோமோல். சென்னை உச்சி வெயிலில் மொட்டை மாடியில் அது 2,000ஐ நெருங்கும். எஸ்.பி.எஸ். தொட்டிக்காரர்கள் 200 முதல் 400 வரை தேடுகிறார்கள். மென் பவளத்துக்கு 50 முதல் 150 போதும், மஷ்ரூமுக்கு அதிலும் கீழ்ப்பாதி. இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு நடுத்தரமான ஒரு எல்.இ.டி. பெட்டியே இதைத் தந்துவிடும். அதுவும் முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்காது.

வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது இரண்டே விஷயம். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி டிம்மர் இருக்கிறதா? லென்ஸ் ஒளியைப் பரத்துகிறதா, ஒரே புள்ளியில் குவிக்கிறதா? குறுகிய லென்ஸ் உள்ள பெட்டி, நடுவில் நிற்கும் பவளத்தைப் பொசுக்கிவிட்டு மூலையில் இருப்பதைப் பட்டினி போடும். நன்னீர்ச் செடித் தொட்டிக்கான லைட் மலிவாகக் கிடைக்கிறதே என்றால் வேண்டாம். அதில் சிவப்பு தூக்கல். சிவப்பைக் கடல்நீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. பவளத்தின் பாசி பழகியது நீலத்துக்கு. அதற்காக 20,000 கெல்வின் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கருநீலமும் கட்டாயமில்லை. அது லட்சத்தீவு போன்ற தெளிந்த கடலின் ஆழத்து நிறம். மன்னார் வளைகுடாவில் வண்டல் கலந்த ஆழமற்ற நீரில் அவ்வளவு நீலம் இருக்காது, அங்கேயும் நூற்றுக்கும் மேற்பட்ட இனக் கல் பவளங்கள் வளரத்தான் செய்கின்றன. வெள்ளையும் கொஞ்சம் கலந்து வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் கண்ணும் முக்கியம்.

பி.ஏ.ஆர். மீட்டர் விலை பல தொட்டிகளின் விலையைத் தாண்டும். போனில் உள்ள லக்ஸ் செயலி மனிதக் கண்ணுக்கு ஏற்பப் பச்சையை மிகுத்துக் காட்டும், நீலத்தைக் குறைத்துக் காட்டும். ஆகவே அது சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொட்டியின் வலது மூலைக்கும் இடது மூலைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். உண்மையான மீட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளிச்சம் போதாவிட்டால் ஸோவாந்திட் காம்பை நீட்டி எட்டிப் பார்க்கும், மஷ்ரூம் தட்டையாக விரிந்து அகலும். அதிகமானால் மஷ்ரூம் விளிம்பைச் சுருட்டிக் கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கும், நிறம் வெளுக்கும். லெதர் கோரல் பாலிப்பை உள்ளிழுத்து, மேலே மெழுகு பூசியது போன்ற தோலோடு சில நாள் கிடந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அது தோலுரிக்கும் பழக்கம் உள்ளது. அந்த நேரத்தில் லைட்டை மாற்றி விளையாடாமல் இருந்தால் சரி.

வெளுப்பது ஏன்? வெளிச்சம் அளவு மீறும்போது பாசி தாங்காமல் நச்சு ஆக்ஸிஜனைக் கக்குகிறது; பவளம் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. கூடவே சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் நடந்ததும் இதுதான். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பில், உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்தில் இருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. கடலிலேயே இந்தக் கதி என்றால், ஏ.சி. இல்லாத ஹாலில் மே மாதத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் நேர அட்டவணை வருகிறது. பவளத்துக்குப் போவது வெளிச்சத்தின் பலம் மட்டுமல்ல, பலத்தை நேரத்தால் பெருக்கினால் வரும் மொத்தம். 100 மைக்ரோமோல் எட்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 2.9 மோல். நன்றாக வளரட்டுமே என்று 200ஆக்கி, பன்னிரண்டு மணி நேரமும் விட்டால் 8.6. கை இரண்டு இடத்தில் லேசாகத் தாராளமானதற்கே மூன்று மடங்கு. நம் அட்சரேகையில் பகல் பதினொன்றரை மணிக்கும் பதின்மூன்று மணிக்கும் இடையே ஊசலாடுகிறது என்பது உண்மைதான். ஆனால் காலையும் மாலையும் சாய்வாக வரும் வெயிலில் ஒரு பகுதி அலைமேல் பட்டுத் திரும்பிவிடுகிறது. எனவே தொட்டியிலும் உச்சம் ஐந்தாறு மணி நேரம், முன்னும் பின்னும் மெல்ல ஏறி இறங்கும் நீலம், மிச்சம் இருட்டு. புது லைட் என்றால் பாதி பலத்தில் தொடங்கி நாலைந்து வாரத்தில் ஏற்றுங்கள்.

சூரியன் உதிக்கும்போதே தொட்டியிலும் விடிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேற்குச் சென்னையில் கோடை மதியம் ஹால் கொதிக்கும். அந்த நேரத்தில் லைட்டின் சூடும் சேர்ந்தால் தொட்டியை 26 டிகிரியில் நிறுத்த சில்லர் மூச்சுமுட்ட ஓடும். ஒரு மணிக்கு நீலத்தைத் தொடங்கி, நாலரைக்கு உச்சத்துக்கு வந்து, ஒன்பதரைக்கு இறக்க ஆரம்பித்துப் பத்தரைக்கு அணைத்துவிட்டால், வேலைவிட்டு வீடு திரும்புகிறவருக்கும் பார்க்கக் கிடைக்கும். காலையில் ஜன்னல் வழியே நேர் வெயில் விழாத மூலையாகப் பார்த்துத் தொட்டியை வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மின்சாரக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கணக்கும் சுலபம்: 120 வாட்ஸ் சராசரி ஏழு மணி நேரம் என்றால் 60 நாளில் 50 யூனிட். பழைய 250 வாட்ஸ் மெட்டல் ஹாலைடை எட்டு மணி நேரம் எரித்தால் 120 யூனிட், அதன் சூட்டைத் தணிக்கும் சில்லர் தனி. கட்டணம் உயரும் 500 யூனிட் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

இரவில் நிலா லைட் என்று நீலத்தை விடிய விடிய எரிய விடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். பவளங்கள் நிலவைக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடியவை. மன்னார் வளைகுடாவில் அக்ரோபோரா மார்ச் வாக்கில் பௌர்ணமியை ஒட்டித்தான் முட்டையிடுகிறது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர் உதயம், அஸ்தமனம், பருவம், வளர்பிறை, தேய்பிறை எல்லாவற்றையும் கணினி வழியே விளக்குகளில் கொண்டுவந்து, மூடிய தொட்டிக்குள்ளேயே பவளங்களைத் திட்டமிட்டபடி முட்டையிட வைத்து 2017இல் வெளியிட்டார்கள். அவர்களின் நிலவு ஏறி இறங்கியது, மறையவும் செய்தது. தினமும் பௌர்ணமி காட்டும் நம் லைட்டில் அந்தக் கணக்கு எதுவும் இல்லை.

கடைசியாக, கரண்ட். முள் அழுத்தி வைக்கும் 24 மணி நேரச் சக்கர டைமர் மலிவு, உழைக்கும். ஆனால் மின்வெட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அது பின்தங்கிவிடும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தொட்டியின் அந்தி நள்ளிரவுக்கு நகர்ந்திருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதுபோல நாள்கணக்கில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரை லைட்டுக்குக் கொடுக்கக் கூடாது. அலை மோட்டாருக்கோ காற்று மோட்டாருக்கோ போகட்டும். இரண்டு மூன்று நாள் இருட்டைப் பவளம் தாங்கும், பிராணவாயு இல்லாத தண்ணீரைத் தாங்காது. கரண்ட் வந்ததும் விட்டுப்போன மணி நேரங்களைச் சேர்த்துக் கொடுக்க நினைக்காமல், பலத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து ஒரு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.