கொக்கி வலுவாக இருந்தால் போதுமா?

“டீச்சர், டிரைவர் தூங்கிவிட்டாரா?”

ஒரு மாணவன் கைத்தொலைபேசியில் காணொளி ஒன்றைக் காட்டி இப்படிக் கேட்டான். நெடுஞ்சாலையில் ஒரு சிறிய எஸ்யுவி, பின்னால் இரண்டு சக்கர இழுவண்டி ஒன்றை இழுத்துச் செல்கிறது. வண்டி மெல்ல இடமும் வலமும் ஆடத் தொடங்குகிறது. ஆட்டம் பெரிதாகிப் பெரிதாகி, காரையே சுழற்றிவிடுகிறது. டிரைவர் விழித்துத்தான் இருந்திருப்பார். பிழை பெரும்பாலும் சாமான் ஏற்றும்போதே நடந்துவிடும்.

காரையும் வண்டியையும் இணைப்பது இழுவைக் கொக்கி. பட்டறையில் ‘டோ பார்’ என்பார்கள். அதில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று, சாமானோடு சேர்ந்த வண்டியின் மொத்த எடை. மற்றது, வண்டியின் மூக்கு கொக்கிக் குண்டின்மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை. அமெரிக்காவில் முதல் வகுப்புக் கொக்கிக்கு இவை 907 கிலோ, 91 கிலோ. இரண்டாம் வகுப்புக்கு 1,588 கிலோ, 159 கிலோ.

அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாமே? முடியாது. 2019-இல் அமெரிக்காவில் விற்பனையான டோயோட்டா ராவ் 4 காரை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை ரகம் இழுக்கக்கூடியது 680 கிலோதான். அதே பெட்ரோல் இயந்திரம் உள்ள ‘அட்வென்ச்சர்’ ரகம் 1,588 கிலோ இழுக்கும். அதில் வெப்பத்தைத் தணிக்கும் ஏற்பாடு கூடுதல் வலுவுள்ளது. அடிப்படை ரகத்தில் எவ்வளவு தடித்த கொக்கியைப் பூட்டினாலும் 680 கிலோ 680 கிலோதான். கார், கொக்கி, குண்டு இவற்றில் எதன் எண் சிறியதோ அதுவே வரம்பு. குண்டின் அளவும் பொருந்த வேண்டும். அமெரிக்காவின் 2 அங்குலக் குண்டு 50.8 மில்லிமீட்டர், ஐரோப்பாவினுடையது 50. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று கலந்து பூட்டக் கூடாது.

இனி நம் பாடத்துக்கு வருவோம். மலாயில் ‘மொமென் டாயா’ என்று படிக்கிறீர்களே, அந்தத் திருப்புத்திறன்தான் இங்கே வேலை செய்கிறது. காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.7 மீட்டர் என்று வைப்போம். குண்டு பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கிறது. அதன்மேல் 60 கிலோ அழுத்துகிறது. (தேர்வில் நியூட்டனில் எழுதுங்கள், இது பட்டறைக் கணக்கு.) பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டால், முன் அச்சு இழக்கும் எடை 60 × 1 ÷ 2.7, சுமார் 22 கிலோ. அந்த 22 கிலோவும் பின் அச்சுக்கே போகிறது. ஆக, குண்டில் வைத்தது 60 கிலோ, பின் அச்சில் ஏறியது 82 கிலோ! முன் சக்கரங்களோ அந்த அளவுக்குப் பிடிப்பை இழக்கின்றன. திசை திருப்புவது அந்தச் சக்கரங்கள்தானே?

“அப்படியானால் மூக்கில் எடையே இல்லாமல் ஏற்றினால் நல்லதுதானே?” என்று அடுத்த கேள்வி வந்தது. அங்கேதான் அந்தக் காணொளி பிறக்கிறது. கனமான பெட்டியை வண்டியின் பின்முனையில் வைத்தால் எடைமையம் சக்கர அச்சுக்குப் பின்னால் போய்விடும். லோரி ஒன்று முந்திச் செல்லும்போது வரும் காற்று போதும், கனத்த வால் ஒரு பக்கம் வீசும். மூக்கு காரின் பின்பகுதியை எதிர்ப்பக்கம் தள்ளும். கார் திரும்பத் தள்ளும். வேகம் கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டீயரிங்கை வெட்டி வெட்டித் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும்.

இத்தகைய வண்டிகளுக்கு அமெரிக்காவில் சொல்லும் அளவு, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு மூக்கில் இருக்க வேண்டும் என்பது. 600 கிலோ வண்டிக்கு 60 முதல் 90 கிலோ. இதை வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியிலேயே அளக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, காரிலிருந்து கழற்றுங்கள். கருவியின்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, மூக்கு குண்டு இருக்கும் அதே உயரத்தில் கட்டைமேல் அமரும்படி வையுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். 600 கிலோ வண்டிக்கு 30 என்று காட்டினால் கனமான பெட்டியை முன்னால் நகர்த்துங்கள். 110 காட்டினால் சற்றே பின்னுக்கு. பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள்.