கோதுமையை நீக்கியும் ஆறாத வயிறு

வீட்டிற்குப் பாண் வாங்குவதை நிறுத்தி ஆறு மாதமாயிற்று. பிஸ்கற் பெட்டி அலுமாரியை விட்டு வெளியேறிவிட்டது. பிள்ளைக்குச் சோறும் இடியப்பமும் பிட்டுமே ஆகாரம். ஆயினும் வயிற்றுப்பொருமல் போகவில்லை. வயிற்றோட்டம் வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. நிறையோ ஏறக் காணோம். வைத்தியர் சொன்னதையெல்லாம் செய்தும் இப்படியா என்று தாய் கலங்குகிறாள். சீலியாக் நோய் உள்ளதெனக் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் இந்நிலையை ஒரு தடவையேனும் கடந்தே வருகின்றனர். இன்ன காரணத்தால் இது நேர்கிறதென்று ஆராயப் புகுமுன், அந்நோயின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் நன்று. குற்றமற்ற உணவுகளைத் தண்டித்துவிட்டுக் குற்றவாளியை மடியில் வைத்துத் தாலாட்டிய கதை அது.

இலண்டன் வைத்தியரான சாமுவேல் ஜீ என்பார் 1888 ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவுற வருணித்தார். ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளே இதனாற் பெரிதும் வாடுவதையும், குணம் உண்டாயின் அது உணவினாலேயே உண்டாகும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். இத்துணை நுண்ணறிவு படைத்த அப்பெரியார் செய்த விதி யாது? அரிசியையும் சவ்வரிசியையும் விலக்கினார். மெல்லியதாக அரிந்து இருபுறமும் நன்கு வாட்டிய பாணைக் கொடுக்கலாம் என்றார்! சோறுண்டு வளர்ந்த நமக்கு இதைப் படிக்கையில் நகைப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது. அவர் குறிப்பிடும் குழந்தையொன்று நாள்தோறும் ஒல்லாந்த தேசத்து மட்டியைத் தின்று நன்கு தேறியதாம். மட்டி கிடைக்கும் பருவம் முடிந்ததும் நோய் மீண்டதாம். மட்டியில் மருந்து ஏதும் இருந்திருக்க முடியாது. மட்டியால் நிறைந்த வயிற்றிற் பாணுக்கு இடமில்லாமற் போயிற்று என்றே இன்று நாம் கருதவேண்டியிருக்கிறது.

1924 இல் நியூயோர்க் நகர வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தைக் கொண்டுவந்தார். பாண், தானியம், உருளைக்கிழங்கு யாவற்றையும் நிறுத்தி, வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தன. புகழ் முழுவதையும் வாழைப்பழம் தட்டிக்கொண்டது. நோய் தீர்ந்ததென நம்பிப் பழைய உணவுக்குத் திரும்பியோர் மீண்டும் நோயுற்றனர்.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் வில்லெம் டிக்கே என்ற ஒல்லாந்தக் குழந்தை வைத்தியர். ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் வைத்தியசாலையிற் பணிபுரிந்த அவருக்கு, 1930 களிலேயே கோதுமைமீது ஐயம் விழுந்திருந்தது. 1944 ஆம் ஆண்டின் இறுதியிற் தொடங்கிய பஞ்சக் குளிர்காலத்தில் ஒல்லாந்த மக்கள் தூலிப்பூச் செடியின் கிழங்கையும் அவித்துண்ண நேர்ந்தது. நாடே மெலிந்துகொண்டிருந்தபோது சீலியாக் குழந்தைகள் மாத்திரம் தேறின. நேசநாட்டு விமானங்கள் கொண்டுவந்த பாண் அக்குழந்தைகளின் கைக்கு எட்டியதும் அவர்களின் நோயும் திரும்பிற்று. டிக்கே தம் முடிபுகளை 1950 இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுநூலாக அளித்தார். கோதுமையின் மாப்பொருளன்று, குளூட்டன் என்னும் அதன் புரதமே கேடு செய்வது என்பதை அவரும் அவருடைய சகாக்களும் பின்னர் நிலைநாட்டினர். பார்லியிலும் றை என்னும் தானியத்திலும் இதையொத்த புரதம் உண்டு.

அப்புரதம் செய்யும் கேடு நஞ்சு செய்வது போன்றதன்று. சிறுகுடலின் உட்சுவரில் விரல்போன்ற நுண்ணிய சடைமுளைகள் அடர்ந்திருப்பதை மாணவர் அறிவர். உணவின் சாரம் அவற்றின் வழியாகவே குருதியிற் சேர்கிறது. பரம்பரையால் இந்நோய்க்கு இசைவுடைய உடலில், குளூட்டன் சென்றவுடன் நோய் எதிர்ப்பாற்றல் பிழைபட எழுந்து தன் குடலையே தாக்குகிறது. சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. பகைவனைக் கண்ட காவற்காரன் ஒருவனா நூறுபேரா என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் உண்டு. அதில் நாற்பதில் ஒரு பங்கான 50 மில்லிகிராம் நாள்தோறும் மூன்று மாதம் உட்சென்றாலே குடல் பழுதுறும் என்பதை, வயதுவந்த நோயாளரிடம் நடத்திய சோதனையொன்றின் மூலம் இத்தாலிய ஆய்வாளர் 2007 இல் வெளியிட்டனர். ஒரு பொருளின் ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராமுக்கு மேற் குளூட்டன் இருத்தலாகாது என்று சர்வதேச உணவு விதி வரையறுத்திருப்பதும் இதனாலேதான்.

ஆகவே உணவை மாற்றியும் வயிறு ஆறவில்லையாயின், முதற்சந்தேகம் அடுக்களையின்மேல் விழவேண்டும். மேனாட்டு வைத்தியர் தரும் பட்டியலில் நம் வீட்டுப் பண்டங்கள் இரா. இலண்டனிலோ தொரன்ரோவிலோ வாழும் நம்மவர் வீடாயினும், யாழ்ப்பாணத்து வீடாயினும், அடுக்களை நம் அடுக்களைதானே.

கோதுமை நம் மண்ணில் விளையும் தானியமன்று. எனினும் நம் பண்டங்களுள் அது ஓசையின்றிப் புகுந்துவிட்டது. தோசை என்றால் உழுந்தும் அரிசியும் என்று பிறர் நினைப்பர். யாழ்ப்பாணத்துத் தோசையில் அவித்த கோதுமை மாவும் சேர்வதை நாம் அறிவோம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மாவுடன் கோதுமை மாவைக் கலப்பார் பலர். கேசரி கிண்டும் ரவை கோதுமையே. சேமியாவும் பெரும்பாலும் அதுவே. கடையில் விற்கும் குரக்கன் ரொட்டியில் தனிக் குரக்கன் இருப்பது அருமை. கூட்டுப் பெருங்காயத்திற் கோதுமை மா சேர்வதுண்டு. பிள்ளை மெலிந்துவிட்டதே என்று இரக்கத்தோடு கரைத்துக் கொடுக்கும் மோல்ற் பானம் பார்லியிற் பிறந்தது. கோயிலிற் கிடைக்கும் மோதகத்தின் மா அரிசியா கோதுமையா என்று கேட்பதற்கு நாணவேண்டியதில்லை; கேட்பது பக்திக்கு இழுக்கன்று.

பண்டம் தூயதாயினும் பாத்திரம் காட்டிக்கொடுத்துவிடும். நேற்றுக் கோதுமைப் பிட்டு அவித்த ஓலை நீத்துப்பெட்டியில் இன்று பிள்ளைக்கு அரிசிப்பிட்டு அவித்தால், பின்னலின் இடுக்கிற் படிந்த மா அதனுடன் சேரும். எத்தனை முறை கழுவினும் அவ்விடுக்குகள் முற்றாகத் தூய்மையாவதில்லை. மா அரிக்கும் அரிதட்டும் அத்தகையதே. கோதுமையை அரைத்த ஆலையில் அடுத்ததாக அரைத்த அரிசியும், ரோல்ஸும் பற்றிஸும் பொரித்த எண்ணெயில் இட்ட வடையும் ஐயத்துக்குரியனவே. பிள்ளைக்கென ஒரு நீத்துப்பெட்டி, ஓர் அரிதட்டு, ஓர் இடியப்ப உரல் ஆகியவற்றைத் தனியே வைத்தல் பெருஞ் செலவன்று. அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே இடித்துக்கொள்ள இயலுமாயின் மேலும் நன்று.

அடுக்களை முற்றாகத் திருந்திய பின்னும் சிறிது பொறுமை வேண்டும். சில வாரங்களிலேயே பசியும் முகக்களையும் திரும்பிவிடும் பிள்ளைகள் உளர். ஆனால் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் தணிந்து வழமைநிலை எய்த ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுகூடச் செல்லலாம்.

இனிப் பாலைப் பற்றிச் சொல்லவேண்டும். பாலிலுள்ள லக்ரோஸ் என்னும் வெல்லத்தைச் சமிக்கச்செய்யும் நொதியம் சடைமுளைகளின் நுனியிலேயே சுரக்கிறது. நுனி தேய்ந்த குடலுக்குப் பால் பாரமாகும். பொருமலும் வயிற்றோட்டமும் உண்டாகும். இதைக் கண்ட பெற்றோர் சிலர் பாலை என்றென்றைக்குமாக நிறுத்திவிடுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. வளரும் எலும்புக்குக் கல்சியம் வேண்டும். வைத்தியர் ஆலோசனையுடன் சில காலம் பாலைக் குறைத்து, தயிரைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கலாம். குடல் ஆறியபின் பால் பலருக்கு மீண்டும் ஒத்துக்கொள்ளும்.

இதற்கு எதிர்மாறான தொல்லை மலச்சிக்கல். பாணை விலக்கியபின் தீட்டிய வெள்ளரிசிச் சோறும், குளூட்டன் அற்றதென விலைகூட்டி விற்கப்படும் மாப்பண்டங்களுமே உணவாகிவிட்டால் நார்ப்பொருள் குன்றும். வயிற்றுவலிக்கும் பொருமலுக்கும் இதுவே காரணமாயிருக்க, கோதுமையை மேலும் துருவித் துருவித் தேடுவோர் உளர். இறுகிய மலத்தின் ஓரமாக நீர்த்த மலம் கசிவதை வயிற்றோட்டமென்று மயங்குவதும் உண்டு. குத்தரிசி, வீட்டில் அரைத்த குரக்கன், பயறு, கீரை, பப்பாசி, போதிய தண்ணீர் என்பன இங்கே கைகொடுக்கும். நம் ஒடியல் மாவிலும் குளூட்டன் கிடையாது. ஒடியற்கூழ் காய்ச்சும் வீட்டிற் பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் ஊற்றலாம்.

இவற்றுக்கு அப்பாலும் காரணங்கள் உண்டு. ஜியாடியா என்னும் குடற்கிருமி, சிறுகுடலில் மிகையாகப் பெருகும் பற்றீரியா, சதையியின் குறைபாடு, பழுதேதும் காணப்படாமலே வலிக்கும் கூருணர்ச்சிக் குடல் எனப் பல. சில வேளை முதலிற் செய்த நோய்நிர்ணயமே பிழையாயிருக்கும். குருதிச் சோதனைக்கு முன்னரே தாமாகக் கோதுமையை நிறுத்திவிடுவோர் இவ்விடத்திலேதான் இடர்ப்படுகின்றனர். உணவை மாற்றியபின் செய்யும் சோதனை உண்மையை மறைத்துவிடும். உணவுவிதியை முற்றாகக் கைக்கொண்டும் குடல் ஆறாத கொடிய வகை குழந்தைகளிடம் மிக அரிது. எடை குறைதல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, இரவில் எழுப்பும் வலி என்பன தோன்றின் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும்.

நாம் அஞ்சுவது வேறொன்றை. ஒன்றும் பலிக்கவில்லையென்ற ஏக்கத்தில் இன்று பால், நாளை முட்டை, மறுநாள் பருப்பு என்று ஒவ்வொன்றாக நீக்கி, ஈற்றிற் பிள்ளையின் கோப்பையில் வெறுஞ்சோற்றை மாத்திரம் மிச்சம் வைப்பதுதான் அது. இரும்புச்சத்தும் விற்றமின்களும் முன்னரே குன்றியிருக்கும் உடலுக்கு இது இரண்டாம் பஞ்சம். அரிசியை விலக்கிப் பாணைக் கொடுத்த அக்காலத்து வைத்தியரிடம் சோதனைக்கருவி இல்லை. நமக்கு அக்குறை இல்லை. வைத்தியர் சொல்லாது எப்பண்டத்தையும் நீக்கவேண்டியதில்லை.

பாடசாலையைப் பற்றியும் ஒரு சொல். இடைவேளையில் தோழன் நீட்டும் பணிஸை மறுப்பது எட்டு வயதில் எளிது, பதினான்கில் அரிது. களவாக உண்டதைப் பிள்ளை ஒளித்தால், பெற்றோர் அடுக்களை முழுவதையும் சோதித்தும் பயனில்லை. அதட்டிக் கேட்டால் ஒளிவு மேலும் மிகும். வகுப்பாசிரியருக்கு நோயின் இயல்பை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால், விழாநாட்களில் அப்பிள்ளைக்கும் உண்ணத்தக்க ஏதேனுமொன்றை அவர் சேர்த்துக்கொள்வார்.

வைத்தியரிடம் செல்வதற்கு முன் இரண்டு வாரம், பிள்ளை உண்டவை யாவற்றையும், உண்ட நேரத்தையும், வலித்த நேரத்தையும், மலத்தின் தன்மையையும் ஒரு பயிற்சிக் கொப்பியிற் குறித்துவருக. பொதியிட்ட உணவாயின் அதன் மேலுறையையும் ஒட்டிவைக்கலாம். பிள்ளை எழுதத் தெரிந்த வயதினதாயின், கொப்பியை அதன் கையிலேயே கொடுத்துவிடுதல் நன்று. தாய் அறியாத பணிஸும் அதிற் பதிவாகும்.