பள்ளி மேடையில் யாருக்கு நாற்காலி?

பொன்னமராவதி: சாதிக்கு எதிராக நமது அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் மூன்று முறை உறுதிமொழி எடுக்கிறார்கள். ஜனவரி 30-இல் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. அம்பேத்கர் பிறந்த நாளையொட்டிச் சமத்துவ நாள். பெரியார் பிறந்த நாளையொட்டிச் சமூக நீதி நாள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு என விழாவும் நடக்கிறது.

மேடையில் தலைமையாசிரியருடன் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பேச்சை மட்டும் கேட்பதில்லை. யாருக்கு நாற்காலி கிடைத்தது, யார் ஓரமாக நிற்கிறார் என்பதையும் பார்க்கிறார்கள்.

ஆத்துப்பாக்கம் சொல்லும் பாடம்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி அருகே உள்ளது ஆத்துப்பாக்கம். 2020 ஆகஸ்ட் 15 அன்று, பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் அங்குள்ள அரசுப் பள்ளியில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானதும் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து, ஆகஸ்ட் 20-இல் அவரையே கொடியேற்ற வைத்தனர்.

2022-இல் சுதந்திர தினத்துக்கு முன்பு, அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். பட்டியலினத் தலைவர்கள் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்றார். சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகள் ஆன பிறகும் அப்படியொரு கடிதம் தேவைப்பட்டது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2019 ஏப்ரலில் ஒரு சமூகத்தை இழிவுபடுத்தி வாட்ஸ்அப்பில் பரவிய ஒலிப்பதிவால் பொன்னமராவதியில் கலவரம் மூண்டு, 144 தடை உத்தரவு போடப்பட்டது. ஊரில் எழும் பகை பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், உடன் படித்த மாணவர்களே.

உறுப்பினர்களின் கடமை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் இடம் உண்டு. ஆகவே, பட்டியலினத் தாய் ஒருவர் மேடை ஏறுவது யாரும் போடும் பிச்சை அல்ல. சட்டம் தந்த இடம்.

விழாவுக்கு முன்பே அழைப்பிதழில் அவர் பெயரும், மேடையில் அவருக்கு இருக்கையும் இருக்கின்றனவா என்று மற்ற உறுப்பினர்கள் பார்க்க வேண்டும். பரிசு வழங்கும் வாய்ப்பு எல்லோருக்கும் சுற்றி வர வேண்டும். தேநீர்க் குவளையிலும் பந்தியிலும் வேறுபாடு கூடாது.

ஒரு மாணவி எழுந்து, "எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டால், "ஊர்ப் பேச்சு இங்கே வேண்டாம்" என்று உட்கார வைக்கக் கூடாது. சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி மேடை தந்துவிட்டு, பேசியதும் வாயடைப்பது என்ன நியாயம்? விழா முடிந்த பின் அந்த மாணவியின் வீட்டுக்கோ ஆசிரியருக்கோ நெருக்கடி கொடுப்பது அதைவிடக் கொடுமை.

உதவித்தொகை பெறுவோரை மேடையில் பெயர் சொல்லி எழுப்புவதும் தவறு. உதவி செய்வதாக நினைத்து, பிள்ளையின் சாதியை ஊரறியச் சொல்வதாகவே அது முடியும். நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவரின் சாதி வகுப்பறையில் வெளிப்படக் கூடாது என்றும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மாணவர் கையில் கயிறு கூடாது என்றால், மேடையில் இருப்பவர் தோளில் சாதிச் சங்கத் துண்டு மட்டும் எப்படிப் பொருந்தும்?

யாரிடம் சொல்வது?

பட்டியலினத்தவர் அல்லாத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் பட்டியலினத்தவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பள்ளி விழா என்பதால் விலக்கு இல்லை. பாதிக்கப்பட்டோர் காவல் நிலையத்தில் புகார் தரலாம். மாணவர்கள் 14417 என்ற கல்வி உதவி எண்ணையோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்கலாம். பெற்றோர் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேள்வி எழுப்பி, அதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம்.

அடுத்த உறுதிமொழி நாளுக்கு முன்பு ஒவ்வொரு பள்ளியிலும் குழு ஒரு முறை கூடி இவற்றைப் பேசி முடிவெடுத்தால் போதும். இதற்குத் தனி நிதியோ புதிய அரசாணையோ தேவையில்லை.