பிராட்காஸ்ட் பாக்கெட்டை ரவுட்டர் எப்போது கடத்தும்?

ஒரு சப்நெட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வீச்சில் சேரும்படி அனுப்பப்படுவது பிராட்காஸ்ட் பாக்கெட். சப்நெட்டின் எல்லையில் நிற்கும் ரவுட்டர் வழக்கமாக இதை அப்படியே நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் ஓர் அலுவலகத்தின் கூச்சல் எல்லாக் கிளைகளிலும் கேட்கும். ஆனாலும் சில வேலைகளுக்கு இந்தத் தடையைத் தளர்த்தியே ஆகவேண்டும். எங்கே, எவ்வளவு தளர்த்துவது என்பது பாக்கெட்டின் வகையைப் பொறுத்தது.

ஐபி பதிப்பு 4-இல் இரண்டு வகை உண்டு. 255.255.255.255 என்ற முகவரிக்குப் போவது முதல் வகை. அனுப்பும் கருவிக்குத் தன் நெட்வொர்க் எதுவென்றே தெரியாத நிலையிலும் இதைப் பயன்படுத்தலாம். இதை எந்த ரவுட்டரும் கடத்தக் கூடாது என்பது விதி. குறிப்பிட்ட ஒரு சப்நெட்டின் கடைசி முகவரிக்குத் தொலைவிலிருந்து அனுப்பப்படுவது இரண்டாம் வகை. அதற்கு டைரக்டெட் பிராட்காஸ்ட் என்று பெயர். அந்த முகவரி எப்போதும் 255-இல் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. 192.168.20.0/26 சப்நெட்டில் அது 192.168.20.63, அதே எண் /23 ஆனால் 192.168.21.255. அப்போது 192.168.20.255 என்பது ஒரு சாதாரணக் கணினிக்குக் கொடுக்கத்தக்க முகவரிதான்.

முதல் வகையில் அடிக்கடி தலைவலி தருவது டிஹெச்சிபி. புதிதாக இணையும் கணினி தனக்கு ஐபி முகவரி வேண்டும் என்று 255.255.255.255-க்குக் கேட்கும். சர்வர் வேறு சப்நெட்டில் இருந்தால் அந்தக் கோரிக்கை அதற்கு எட்டாது. இதற்குத் தீர்வு ரிலே. சிஸ்கோ ரவுட்டரில், கணினிகள் இருக்கும் பக்கத்து இன்டர்ஃபேஸில் ‘ஐபி ஹெல்பர்-அட்ரஸ்’ கட்டளையைச் சர்வரின் முகவரியோடு கொடுக்க வேண்டும். சர்வர் பக்கத்து இன்டர்ஃபேஸில் கொடுத்தால் பயனில்லை. ரவுட்டர் அந்தக் கோரிக்கையை வாங்கி, தன் இன்டர்ஃபேஸ் முகவரியை அதற்குள் எழுதி, சர்வருக்கு நேரடியாக அனுப்பும். எந்தத் தொகுப்பிலிருந்து முகவரி தருவது என்பதைச் சர்வர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அந்த சப்நெட்டுக்கான தொகுப்பு சர்வரில் இல்லையென்றால், ரிலே ஒழுங்காக இருந்தும் கணினிக்கு முகவரி கிடைக்காது.

பலர் கவனிக்காத ஒன்று: இந்தக் கட்டளை டிஹெச்சிபியோடு நிற்பதில்லை. டிஎன்எஸ், டிஎஃப்டிபி, நெட்பயாஸ் போன்ற யுடிபி பிராட்காஸ்ட்களையும் அது சேர்த்தே சர்வருக்கு அனுப்பும். வேண்டாத 137, 138 போர்ட்களை ‘நோ ஐபி ஃபார்வர்டு-புரோட்டோகால் யுடிபி’ கட்டளையால் மூடிவிடுவது நல்லது.

டைரக்டெட் பிராட்காஸ்டின் கதை வேறு. வழியில் உள்ள ரவுட்டர்களுக்கு அது சாதாரண பாக்கெட்டாகவே தெரியும். குறித்த சப்நெட்டோடு நேரடியாக இணைந்த கடைசி ரவுட்டருக்குத்தான் அது பிராட்காஸ்ட் என்று புரியும். அனுமதிப்பதும் மறுப்பதும் அங்கேதான். 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1812, ரவுட்டர்கள் இதை இயல்பாகவே அனுமதிக்க வேண்டும் என்றது. அந்தத் தாராளத்தை ஸ்மர்ஃப் தாக்குதல் பயன்படுத்திக்கொண்டது. தாக்குபவர் பலியாளின் முகவரியை அனுப்புநர் இடத்தில் பொய்யாகப் போட்டு, ஒரு பெரிய சப்நெட்டின் பிராட்காஸ்ட் முகவரிக்கு பிங் அனுப்புவார். 200 கணினிகள் பதில் சொன்னால் பலியாள் மீது 200 பாக்கெட்கள் விழும். 1998 ஜனவரியில் செர்ட் அமைப்பு இதுபற்றி எச்சரித்தது. 1999 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 2644 இயல்புநிலையைத் தலைகீழாக்கியது: நிர்வாகி திறந்தாலொழிய மூடியே இருக்க வேண்டும்.

இன்றும் அதைத் திறக்க நியாயமான காரணம் ஒன்று உண்டு. அணைத்து வைத்த கணினிகளைத் தொலைவிலிருந்து எழுப்பும் வேக்-ஆன்-லேன்தான் அது. அணைந்த கணினி ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லாது. அதனால் தனி முகவரிக்கு அனுப்பும் பாக்கெட் அதைச் சேராது. எல்லா பிட்டும் 1 ஆன 6 பைட்டுகள், பின்னர் அந்தக் கணினியின் மேக் முகவரி 16 முறை என 102 பைட் கொண்ட தகவலை சப்நெட் முழுவதற்கும் வீச வேண்டியிருக்கிறது.

சிஸ்கோவில் ‘ஐபி டைரக்டெட்-பிராட்காஸ்ட்’ கட்டளை, தூங்கும் கணினிகள் இருக்கும் பக்கத்து இன்டர்ஃபேஸில் போடப்படுகிறது. அதைத் தனியாகப் போடுவது வாசலை அகலத் திறந்து வைப்பதுதான். கட்டளையோடு ஓர் அணுகல் பட்டியலின் எண்ணையும் சேர்த்து, நிர்வாகச் சர்வரின் முகவரியிலிருந்து வரும் யுடிபி போர்ட் 9-ஐ மட்டும் அனுமதிப்பதே முறை. லினக்ஸில் இந்த வசதி 2018-இல் வந்த 4.19 கெர்னலில் ‘பிசி_ஃபார்வர்டிங்’ என்ற அமைப்பாகச் சேர்ந்தது. அங்கே திசை மாறுகிறது: ‘ஆல்’ என்ற பொதுப் பதிவிலும், பாக்கெட் உள்ளே நுழையும் இன்டர்ஃபேஸின் பதிவிலும் 1 என்று வைக்க வேண்டும். சிஸ்கோ பழக்கத்தில் வெளியேறும் இன்டர்ஃபேஸில் மட்டும் வைத்தால் எதுவும் நடக்காது.

ஐபி பதிப்பு 6-இல் பிராட்காஸ்டே கிடையாது. அந்த வேலையை மல்டிகாஸ்ட் செய்கிறது. ஆனால் டிஹெச்சிபி கோரிக்கை அங்கேயும் உள்ளூர் இணைப்பைத் தாண்டாத முகவரிக்கே போகிறது. ஆகவே சர்வர் வேறிடத்தில் இருந்தால் ரவுட்டரில் ரிலே அமைக்கும் வேலை அப்படியே மிச்சமிருக்கிறது.