ஆறு வரி, மூன்று கேள்வி

மட்டக்களப்பின் கல்லடியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வாசிப்புப் பயிற்சிக்கு நீளமான கட்டுரை வேண்டாம். ஊர்த் தகவலில் ஆறு வரி போதும்.

ஒரு பந்தி இப்படி: 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாடசாலை தொடங்கினார், 1815இல் இங்கேயே இறந்தார், அந்தப் பாடசாலைதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. யார் வந்தார், எப்போது இறந்தார் என்ற கேள்விகளுக்கு விடை வரியிலேயே கிடக்கும். மூன்றாவதில்தான் பேனை நிற்கும்: பாடசாலையின் இரண்டாம் ஆண்டு நிறைவை அவர் பார்த்திருப்பாரா?

“அது பந்தியில இல்லையே, மிஸ்!”

இரண்டு ஆண்டுகளையும் கோடிட்டுப் பார்க்கச் சொல்வேன். 1816 வரை அவர் இருக்கவில்லையே! வரிகளை இணைத்து விடை காண்பதும் வாசிப்புத்தான்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் பற்றிய பந்தியில் சிக்கல் வேறு. பாட்டு எப்போது கேட்கும் என்று கேட்டால், பௌர்ணமி என்று பந்தியில் இல்லாவிட்டாலும் எல்லாரும் எழுதிவிடுவார்கள். வீட்டில் கேட்ட கதை அப்படி. தெரிந்ததை ஒதுக்கிவைத்து, எழுதியிருப்பதை மட்டும் பார்க்கப் பழக வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கேள்வியை முதலில் வாசியுங்கள். தெரியாத சொல்லில் நிற்காமல் பந்தியை முடியுங்கள். விடைக்குப் பக்கத்தில் ஆதாரமான வரியின் இலக்கத்தைக் குறியுங்கள். இலக்கம் போட முடியாத விடை பெரும்பாலும் ஊகம்தான்.