கண்காணிக்கலாம், ஒளிந்திருந்து வேண்டாம்

"மகள் ஐபோன் வைத்திருக்கிறாள், என்னுடையது ஆண்ட்ராய்ட். அவள் எங்கே இருக்கிறாள் என்று என் போனில் பார்க்க முடியுமா?" வானொலியில் தொழில்நுட்பம் பற்றிப் பேசும் நாள்களில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். சிலர் அத்தோடு நிறுத்துவதில்லை. குரலைத் தாழ்த்தி, "அவளுக்குத் தெரியாமல் பார்க்க வழி உண்டா?" என்றும் கேட்பார்கள். சில நேரங்களில் அந்த 'அவள்' மகள் அல்ல, மனைவி.

முதல் கேள்விக்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு 'வேண்டாம்' என்பதுதான் என் பதில். அதற்கான காரணம் பிள்ளை வளர்ப்பில் மட்டுமல்ல, கைப்பேசி இயங்கும் முறையிலும் நாட்டின் சட்டத்திலும் இருக்கிறது.

ஒரே வீடு, இரண்டு உலகம்

அப்பாவிடம் சாம்சுங், அம்மாவிடம் சியாவ்மி, கல்லூரிப் பிள்ளையிடம் ஐபோன். நம் வீடுகள் பலவற்றில் இன்று இதுதான் நிலை. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆப்பிள் தரும் 'ஸ்கிரீன் டைம்', 'ஃபைண்ட் மை' போன்ற வசதிகள் ஆப்பிள் சாதனங்களுக்கு இடையில்தான் முழுமையாக வேலை செய்யும். ஆண்ட்ராய்ட் வைத்திருக்கும் அப்பா, மகளின் ஐபோனுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்க நினைத்தால், அவளுடைய போனையே கையில் வாங்கி, ஸ்கிரீன் டைமுக்குத் தனி ரகசிய எண் வைத்துக் கொடுக்க வேண்டியதுதான். தன் போனில் இருந்தபடி அதை மாற்ற முடியாது.

கூகிளின் 'ஃபேமிலி லிங்க்' கொஞ்சம் தாராளம். பிள்ளையிடம் இருப்பது ஆண்ட்ராய்டாக இருந்தால் போதும், பெற்றோர் ஐபோனில் இருந்தும் நிர்வகிக்கலாம். எந்தச் செயலியை இறக்கலாம், இரவு எத்தனை மணிக்கு போன் பூட்டிக்கொள்ள வேண்டும், பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு.

இருப்பிடம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் வழி இன்னும் எளிது. கூகிள் மேப்ஸில் உள்ள இருப்பிடப் பகிர்வு இரண்டு வகை போன்களிலும் வேலை செய்யும். ஐபோனில் மட்டும், அந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வைக்க வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு, "காட்டவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். டியூஷன் முடிந்து எல்ஆர்டியில் வரும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பின் நேரடி இருப்பிடமே போதும். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவு வைக்கலாம். நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

இவை எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கண்காணிக்கப்படுபவருக்கு அது தெரியும். அத்துடன், ஸ்கிரீன் டைமிலோ ஃபேமிலி லிங்கிலோ பிள்ளையின் குறுஞ்செய்திகளைப் பெற்றோர் வாசிக்க முடியாது.

விளம்பரம் சொல்லாத கதை

'எந்த போனிலும் வாட்ஸ்அப்பைப் படிக்கலாம், யாருக்கும் தெரியாது' என்று விளம்பரம் செய்யும் செயலிகளும் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் ஆசை பாதி அடங்கிவிடும்.

ஐபோனில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கப்பட்டதுபோல் இயங்குகிறது. ஒரு செயலி இன்னொன்றின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதனால் 'ஐபோன் வேவு' விற்பவர்களில் பலர் கேட்பது ஐகிளவுட் கணக்கின் கடவுச்சொல்லை. அதைக் கொடுத்தால், அங்கே சேமிக்கப்பட்டிருக்கும் நகல்களை அவர்கள் இறக்கிக்கொள்வார்கள். பிள்ளையின் படங்கள் அனைத்துக்குமான சாவியை முகம் தெரியாத ஒருவரிடம் நாமே கொடுக்கிறோம் என்று பொருள்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்தும் செயலியை நிறுவலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்ட உருவாக்கப்பட்ட 'அணுகல்தன்மை' வசதியை வேவுச் செயலிகள் தவறாகப் பயன்படுத்தி, திரையில் வருவதையெல்லாம் படித்துக்கொள்கின்றன. கூகிளின் விதிப்படி பிளே ஸ்டோரில் இருக்கும் கண்காணிப்புச் செயலிகள் பெற்றோர் பிள்ளையைக் கவனிக்கவோ, நிறுவனம் தன் சாதனங்களை நிர்வகிக்கவோ மட்டும்தான். கணவன் மனைவியைக் கண்காணிக்க அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. மனைவியே சம்மதித்தாலும் விதி அதுதான்.

அமெரிக்காவில் 'ஸ்பைஃபோன்' என்ற நிறுவனம் இப்படி ரகசியக் கண்காணிப்பை விற்றது. திரட்டிய தகவல்களை ஒழுங்காகப் பாதுகாக்கவும் இல்லை. 2021இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனமும் அதன் தலைவரும் கண்காணிப்புத் தொழிலே செய்யக்கூடாது என்று தடை விதித்தது. 'பிசிடேட்டில்டேல்' என்ற இன்னொரு நிறுவனம் 2024இல் ஊடுருவப்பட்டு, அதன் தகவல்கள் இணையத்தில் கசிந்த பிறகு கடையை மூடியது. பிள்ளையைப் பாதுகாக்க என்று வாங்கிய ஒன்று, பிள்ளையின் அந்தரங்கத்தை ஊருக்குத் திறந்துவிடலாம்.

'தொலைபேசி எண்ணைப் போட்டால் போதும், ஆள் எங்கே என்று காட்டுவோம்' என்னும் இணையத்தளங்களையும் நம்ப வேண்டாம். வெறும் எண்ணை வைத்து இருப்பிடத்தைக் கண்டறிவது தொலைத்தொடர்பு நிறுவனத்தால்தான் ஆகும். அந்தத் தளங்கள் தேடுவது உங்கள் வங்கி அட்டை எண்ணை.

"நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிகிறது"

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு பெண் அழைத்தார். யாரைச் சந்திக்கிறார், யாரிடம் என்ன பேசுகிறார் என்பதெல்லாம் கணவருக்குத் தெரிந்துவிடுகிறது, போனில் புதிதாக எந்தச் செயலியும் இல்லை என்றார். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவருக்குத் தெரியாத ஒரு கணினி அங்கே இருந்தது. போன் இரண்டு நிமிடம் இன்னொருவர் கையில் இருந்தால், ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இதைச் செய்துவிடலாம். ஐபோனா ஆண்ட்ராய்டா என்ற பேதமே இதற்கு இல்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் பார்க்க வேண்டியவை இவை:

வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள். கூகிள் கணக்கிலும் ஆப்பிள் கணக்கிலும் உள்ள சாதனப் பட்டியல். கூகிள் மேப்ஸில் யாருடன் இருப்பிடம் பகிரப்படுகிறது என்ற பகுதி.

ஆண்ட்ராய்டில் 'பிளே புரோடெக்ட்' இயங்குகிறதா, அணுகல்தன்மைப் பட்டியலிலும் சாதன நிர்வாகிப் பட்டியலிலும் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் 'சேஃப்டி செக்' என்ற வசதி இருக்கிறது. யாருக்கு எதைப் பகிர்கிறீர்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டும், நிறுத்தவும் உதவும்.

கைப்பையில் யாராவது ஏர்டேக் போன்ற கருவியைப் போட்டுவிட்டால்? முன்பு ஆண்ட்ராய்ட் வைத்திருப்பவருக்கு அது தெரிவது கடினம். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகிளும் சேர்ந்து இதற்கு வழி செய்தன. ஐஓஎஸ் 17.5 முதலான ஐபோன்களும், ஆண்ட்ராய்ட் 6.0 முதலான போன்களும், தெரியாத கருவி ஒன்று கூடவே வந்தால் எச்சரிக்கை தருகின்றன.

ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டில் அடி, மிரட்டல் இருக்கிறது என்றால், வேவுச் செயலியை அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீக்கியது அவருக்கு உடனே தெரிந்துவிடும், கோபம் உங்கள் மேல் திரும்பலாம், ஆதாரமும் அழிந்துவிடும். நம்பிக்கையான ஒருவரின் போனில் இருந்து, தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழைத்து ஆலோசனை கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 2023இல் 507ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருவருக்கு அச்சமோ துயரமோ உண்டாகும்படி மீண்டும் மீண்டும் எந்த வழியிலாவது அவரைப் பின்தொடர்வது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் ஒருவரின் கணினித் தகவலுக்குள் நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். "என் மனைவிதானே" என்ற வாதத்தை நம்பி இறங்க வேண்டாம்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் போன் வாங்கும்போதே, "இதில் அம்மாவும் அப்பாவும் பார்ப்போம்" என்று சொல்லிக் கொடுத்தால் பிரச்சினை குறைவு. படிவம் நான்கு படிக்கும் பிள்ளையிடம் திடீரென்று அதைத் தொடங்கினால் கதவு அடித்துச் சாத்தப்படும். அந்த வயதில் கட்டுப்பாட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவதுதான் முறை. முதலில் செயலி அனுமதி, பிறகு நேரக் கட்டுப்பாடு, கடைசியில் இருப்பிடம்.

இருப்பிடம் ஒருவழிப் பாதையாகவும் இருக்க வேண்டியதில்லை. கிள்ளானில் இருந்து ஒரு நேயர் சொன்னார்: மகனின் இருப்பிடம் தனக்குத் தெரிவதுபோல், தன் இருப்பிடமும் மகனுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறாராம். இரவு வேலை முடிந்து அவர் கிளம்புவது தாமதமானால், "எங்கேப்பா இருக்கீங்க, சாப்பிட்டீங்களா?" என்று மகனிடமிருந்துதான் முதல் செய்தி வருகிறதாம்.

ரகசியமாகப் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளையின் போனில் ஏதாவது தவறாகக் கண்டுவிட்டால், அதைப் பற்றிப் பேச முடியாது. பேசினால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். பேசாவிட்டால் பார்த்ததில் பயனில்லை. யாரோ ஒருவன் படம் அனுப்பச் சொல்லி மிரட்டும்போது, பிள்ளை ஓடி வர வேண்டியது உங்களிடம். வேவு பார்த்து மாட்டிக்கொண்ட பெற்றோரிடம் அது வராது.

இந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும் மேசையில் வையுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள், இருப்பிடப் பகிர்வு, கணக்கில் உள்ள சாதனப் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் திறந்து காட்டட்டும். முதலில் அப்பாவின் போன்.